புதுச்சேரி, கடலூர் மாடித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் முதுநகர் வரை, கடலை ஒட்டிய வீடுகளில் மாடியிலோ வாசலிலோ காய்கறி வளர்ப்பவர்களுக்கான பக்கம் இது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊட்டி, பெங்களூரு ஆட்கள் வீடியோவில் சொல்கிறபடியேதான் செய்கிறேன். அவர்களுக்குக் காய்க்கிறது, எனக்கு ஏன் காய்க்கவில்லை?

பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. உயரமான ஊர்களில் பகல் வெயில் சுள்ளென்று அடித்தாலும் பொழுது சாய்ந்ததும் குளிர்ந்துவிடும். காய் பிடிப்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த இரவுதான். இங்கே மே மாதத்து இரவுகளில் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஊட்டிக்காரர்களுக்குத் தொல்லை உறைபனி, பெங்களூருக்காரர்களுக்குக் காய்ந்த காற்று. நமக்கு உப்புத் தண்ணீர், புழுக்கமான இரவு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழை.

மூடாக்கு (மண்ணின் மேல் சருகு பரப்புவது), சொட்டு நீர், நிழல்வலை ஆகியவற்றை அவர்களிடம் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். விதைக்கும் மாதத்தையும் பயிர்ப் பட்டியலையும் மட்டும் கடன் வாங்காதீர்கள். மார்ச்சில் தக்காளி நடச் சொல்லும் வீடியோ நம்மூருக்கானது அல்ல.

அப்படியானால் இங்கே எதை எப்போது விதைப்பது?

ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. எனவே அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆடிப்பட்டத்தில் (ஜூன் கடைசி முதல் ஜூலை முடிய) கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தவரை, புடலை, பீர்க்கு போடலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும் என்பதால் மழைக்குள் பெரும்பகுதி பறித்து முடித்துவிடலாம். கத்தரி மழையைத் தாண்டி நிற்கும். ஜனவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு எரு வைத்தால் மறுபடி துளிர்க்கும். கொடி அவரையையும் இப்போதே ஊன்றிவிடுங்கள். பகல் குறுகிய பிறகே அது பூக்கும், அதனால் நவம்பருக்கு முன் பூக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

செப்டம்பர் நடுவிலிருந்து புதிதாக எதையும் பெரிதாகத் தொடங்க வேண்டாம். நவம்பர் மூன்றாம் வாரத்தில் மழை படாத இடத்தில் குழித்தட்டு வைத்துத் தக்காளி, கோஸ், காலிஃபிளவர் நாற்று விடுங்கள். டிசம்பர் நடுவில் தொட்டிக்கு மாற்றலாம். முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லியை டிசம்பரில் நேரடியாக விதைக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் வெள்ளரி, சுரை, இரண்டாம் சுற்று வெண்டை. மார்ச் முதல் மே வரை தண்டுக்கீரை, பசலை, புளிச்சக்கீரை, தட்டைப்பயறு, கொத்தவரை போதும். கேரட்டை விட்டுவிடுங்கள். வெப்பம், உப்பு இரண்டையும் அது தாங்காது.

தக்காளி நன்றாகப் பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. என்ன உரம் போடலாம்?

மார்ச் கடைசிக்குப் பிறகு இப்படி நடந்தால் எந்த உரத்துக்கும் அது அடங்காது. பகலில் 35 டிகிரிக்கு மேலும் இரவில் 25 டிகிரிக்கு மேலும் போகும்போது மகரந்தம் வலுவிழந்துவிடும். சூல் பிடிக்காத பூவைச் செடி கழித்துவிடும், அவ்வளவுதான். நவம்பர் 20 வாக்கில் விதைத்தால் ஜனவரி நடுவில் பூக்கும். அப்போது இரவு வெப்பம் 21 டிகிரியை ஒட்டி இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை பறிக்கலாம். தொட்டிக்குக் குட்டையாக வளரும் பிகேஎம் 1 போன்ற ரகம் ஏற்றது.

ஜனவரியிலேயே உதிர்ந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிவிட்டது என்று பொருள். செடி கரும்பச்சையாக, இலை சுருண்டு, தண்டு தடித்திருக்கும். பிண்ணாக்குக் கரைசலை மூன்று வாரம் நிறுத்துங்கள். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். மாடியில் தேனீ வராத வீடுகளில் இது ஒன்றே போதும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. செடிக்கு ஊற்றலாமா?

முதலில் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) ஒன்று வாங்குங்கள். நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு செடிக்கு உதவாது. மீட்டர் 450க்குக் கீழே காட்டினால் எதற்கும் ஊற்றலாம். 450 முதல் 2,000 வரை பயிரையும் பழக்கத்தையும் பொறுத்தது. 2,000க்கு மேலே இருந்தால் தொட்டிச் செடிக்கு வேண்டாம். தரையில் நிற்கும் தென்னைக்கும் சப்போட்டாவுக்கும் விடுங்கள்.

நடுவில் இருப்பவர்கள்தான் இங்கே அதிகம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி ஆகியவை முதலில் அடிபடும். கத்தரி, மிளகாய், வெண்டை ஆயிரம் வரை சமாளிக்கும். தக்காளி இன்னும் கொஞ்சம் தாங்கும். தட்டைப்பயறும் பீட்ரூட்டும் அதற்கும் மேலே.

தண்ணீரில் இருக்கும் உப்பைவிடத் தொட்டியில் சேரும் உப்பே செடியைக் கொல்கிறது. செடி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடும். நாளுக்கு 2 லிட்டர், டிடிஎஸ் 1,000 என்றால் ஒரு பைக்குள் தினமும் 2 கிராம் உப்பு இறங்குகிறது. மாதத்துக்கு 60 கிராம். பையின் தையல் ஓரத்திலும் அடித்துளையைச் சுற்றியும் வெள்ளைப் பொருக்குப் படிவதைப் பாருங்கள். அடுத்ததாக, அடியில் இருக்கும் முதிர்ந்த இலைகளின் நுனி பழுப்பாகக் கருகி, ஓரம் வழியாக உள்ளே பரவும். இதைத் தண்ணீர்க் குறை என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை அரைகுறையாகக் கூட்டி ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

தினமும் ஊற்றும்போது ஆறில் ஒரு பங்காவது அடியில் வழிந்து வெளியேற வேண்டும். அதனால் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை கழுவிவிடுங்கள்: 20 லிட்டர் பைக்கு 20 லிட்டர் தண்ணீர், ஐந்தைந்து லிட்டராக நான்கு தடவை, நடுவே பத்து நிமிட இடைவெளி. இதற்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தேடுங்கள். உப்புத் தண்ணீரால் கழுவினால் மண்ணின் உப்பு அந்தத் தண்ணீரின் அளவுக்குக் கீழே இறங்காது. கழுவிய மறுநாள் கைப்பிடி மண்புழு உரம் வையுங்கள், ஏனென்றால் தழைச்சத்தும் கூடவே போயிருக்கும். அக்டோபர் மழை இந்த வேலையைக் காசில்லாமல் செய்துவிடும். முதல் சில மழைக்குத் தொட்டிகளை மூடாமல் நனையவிடுங்கள்.

மாடி 1,000 சதுர அடி என்றால் 1 செ.மீ. மழைக்கு 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்றை வடிகுழாயோடு இணைத்தால் ஒரே மழையில் பெரும்பகுதி நிரம்பும். நாற்றுக்கும் கழுவலுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆர்.ஓ. கழிவு நீர், ஏசி தண்ணீர், துணி துவைத்த தண்ணீர்?

ஏசி தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. நம்மூர் ஈரக்காற்றில் ஓர் இரவுக்கு ஒரு வாளி வரை கிடைக்கும், நாற்றுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவு நேர் எதிர். உள்ளே போகும் தண்ணீர் 900 என்றால் வெளியே தள்ளுவது ஏறத்தாழ 1,200 இருக்கும், அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத்தூள் தண்ணீரில் சோடியம் இருக்கிறது, வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர் நல்லதுதான், ஆனால் புளிக்கவிடாமல் அன்றே ஊற்றிவிட வேண்டும்.

வெயில் காலத்தில் எவ்வளவு தண்ணீர்? சொட்டு நீர் போட்டால் சொட்டவே மாட்டேன் என்கிறதே?

12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் காய்க்கும் பருவத்துத் தக்காளிக்கோ கத்தரிக்கோ மே மாதம் 2 முதல் 3 லிட்டர் வேண்டும். காலை 7 மணிக்குள் முக்கால் பங்கு, மாலை 5 மணிக்கு மேல் மிச்சம். கீரைப் பைக்கு ஒன்றரை லிட்டர் போதும். மதியம் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. காலையிலேயே தொங்கினால்தான் கோளாறு.

சொட்டாததற்குக் காரணம் அழுத்தம். டேங்க் தொட்டிகளைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. கடையில் தரும் அழுத்தம் சீராக்கும் சொட்டுவான்கள் ஏறத்தாழ 1 பார் கேட்கும். திருகிச் சரிசெய்யும் சாதாரண சொட்டுவானைக் கேட்டு வாங்குங்கள். 16 மி.மீ. குழாய், 4 மி.மீ. நுண்குழாய், டேங்க் வாயில் 120 மெஷ் வடிகட்டி. வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். உப்புப் படிந்து அடைத்துக்கொண்ட சொட்டுவான்களைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் திறந்துகொள்ளும்.

மண்கலவை?

கனஅளவில் செம்மண் 4 பங்கு, நன்கு மக்கிய எரு அல்லது மண்புழு உரம் 3, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2, கருக்கிய நெல் உமி 1. மற்ற ஊர்களில் கோகோபீட்டைப் பாதி வரை சேர்ப்பார்கள். உப்புத் தண்ணீர்க்காரர்கள் குறைத்துக்கொள்வது நல்லது, அது உப்பைப் பிடித்துவைக்கும். 20 லிட்டர் கலவைக்கு வேப்பம்பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) 10 கிராம். லேசாக ஈரப்படுத்தி, நிழலில் 15 நாள் வைத்த பிறகு நடுங்கள். உடனே நட்டால் பிண்ணாக்கு நொதிக்கும் சூட்டில் நாற்றின் வேர் வெந்துவிடும்.

கோகோபீட் கட்டியில் குறைந்த உப்பு என்று போட்டிருந்தாலும் சோதித்துவிடுங்கள். ஊறவைத்துப் பிழிந்த நீரை மீட்டரில் பாருங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவைவிட 300க்கு மேல் கூடியிருந்தால் மறுபடி அலச வேண்டும். கழுவாத கட்டியில் முளைத்த வெண்டை இரண்டு இலையோடு நின்றுவிடும்.

லாஸ்பேட்டை, காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் இதற்கு நன்றாகவே இருக்கும், கல்லை மட்டும் சலித்து எடுத்துவிடுங்கள்.

கடற்கரை மணலைக் கலக்கலாமா?

வேண்டாம்.

மாடி எவ்வளவு எடை தாங்கும்?

ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ. மேலே சொன்ன கலவையில் 20 லிட்டர் பை நனைந்த நிலையில் 22 முதல் 25 கிலோ வரும். சதுர மீட்டருக்கு நான்கு பை என்றால் நூறு கிலோ, நீங்கள் நடமாடவும் இடம் இருக்கும். வெறும் செம்மண் நிரப்பினால் அதே பை 35 கிலோவைத் தொடும். எலுமிச்சைக்கோ மாதுளைக்கோ 200 லிட்டர் டிரம் வைப்பதானால் தூண் அல்லது உத்திரம் மேலே மட்டும், ஓரத்தில்.

புதுச்சேரிப் பழைய வீதிகளில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் இந்தக் கணக்கு செல்லாது. கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சில கீரைத் தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உத்திரம் ஈரம் பட்டு உளுத்திருந்தால் கீழிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

எந்தக் கூரையானாலும் தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டு மேலோ மூன்று அங்குலம் தூக்கி வையுங்கள். ஒழுகல் தெரியும், வடிகால் அடைக்காது, மே மாதக் கான்கிரீட் சூடு நேராக வேருக்கு ஏறாது. மேற்குப் பார்த்த பைகளின் பக்கவாட்டில் பழைய சாக்கு சுற்றினால் இன்னும் நல்லது.

நிழல்வலை எத்தனை சதவீதம்?

காய்கறிக்கு 35, கீரைக்கும் நாற்றுக்கும் 50. கடைக்காரர் 75 சதவீதம்தான் இருக்கிறது என்றால் வாங்காமல் வாருங்கள். செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும், பூக்காது. ஏப்ரல் நடுவில் கட்டி ஜூன் கடைசியில் கழற்றினால் போதும். ஆண்டு முழுக்கக் கட்டிவைப்பது தவறு. தலைக்கு மேலே இரண்டடியாவது காற்றோடும் இடைவெளி இருக்கட்டும். வலையைக் கம்பியால் முறுக்காமல் கயிற்றால் சுருக்குப் போட்டுக் கட்டுங்கள். காரணம் கீழே புயல் கேள்வியில் இருக்கிறது.

வழக்கமாக மதியத்தை ஒட்டிக் கடற்காற்று வந்து சூட்டைத் தணிக்கும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அது மாலை வரை உள்ளே வராது. 40 டிகிரி தொடுவது அந்த நாட்களில்தான். அன்று மட்டும் மதியம் செடியைச் சுற்றித் தரையை நனைத்துவிடுங்கள், இலையை நனைக்க வேண்டாம்.

மூடாக்குக்கு வேர்க்கடலைத் தொலி, கரும்புச் சோகை, சவுக்குச் சருகு மூன்றுமே இந்தப் பக்கம் எளிதில் கிடைக்கும். இரண்டு அங்குலம் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

இலையெல்லாம் கரி பூசினாற்போலக் கறுத்துப் போகிறது. என்ன நோய்?

மேலே பாருங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை உங்கள் மாடிக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா? ருகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016 முதல் தமிழகத் தென்னைகளில் இருக்கிறது. அது ஒழுக்கும் இனிப்பு நீரின் மேல் கரும்பூசணம் படர்கிறது. பூசணக்கொல்லி அடித்துப் பயனில்லை. மைதாவை லிட்டருக்கு 25 கிராம் என்று கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துத் தெளித்தால் காய்ந்து பொருக்காகும். அதோடு கறுப்பும் உதிரும். ரசாயன மருந்து அடிக்காதீர்கள், அந்த ஈயை அழிக்கும் சிறு குளவிகள் முதலில் செத்துப்போகும்.

செஞ்சிலந்தி, மாவுப்பூச்சி?

ஏப்ரல், மே மாதங்களில் இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை என்று நான்கு தடவை. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள்) நல்ல மருந்துதான், ஆனால் 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும். நம்மூர் மே மாதத்தில் அதற்கு வேலை இல்லை.

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப் 3 கிராம். சோப்பை வெந்நீரில் கரைத்து அதில் எண்ணெயை அடித்துக் கலக்கிய பிறகே மிச்சத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் தனியாக மிதந்தால் அந்தக் கலவையை ஊற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள். மாலையில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு ஏறும் வழியை அடைக்காவிட்டால் பூச்சி திரும்பி வரும். ஸ்டாண்டுக் கால்களில் கிரீஸ் தடவுங்கள்.

துறைமுகத்தில் மீன் கழிவு சும்மா கிடைக்கிறது. மீன் அமிலம் செய்யலாமா?

செய்யலாம். முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கடலுப்பைப் போக்கிவிடுங்கள். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம், தண்ணீர் சேர்க்கக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு, துணி கட்டி, நிழலில் 21 நாள் முதல் ஒரு மாதம். சரியாக வந்தால் புளிப்பும் இனிப்புமாக மணக்கும். அழுகல் நாற்றம் அடித்தால் வெல்லம் குறைவு, அல்லது தண்ணீர் போய்விட்டது. வடிகட்டி, வேருக்கு லிட்டருக்கு 5 மி.லி., இலைக்கு 3 மி.லி., பதினைந்து நாளுக்கு ஒருமுறை. சக்கையை மண்ணில் ஆழமாகப் புதைக்காவிட்டால் பூனையும் காக்கையும் தொட்டியைக் கிளறிவிடும். கருவாட்டுக் கழிவில் இதைச் செய்யவே வேண்டாம்.

கறிவேப்பிலை மஞ்சளாகிறது.

கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் கடின நீரால் காரத்தன்மை ஏறிய மண்ணிலிருந்து செடியால் எடுக்க முடியாது. ஒரு லிட்டரில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்து மாலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு மறுபடி. அடி இலைகள் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, பிண்ணாக்குக் கரைசல் போதும்.

கத்தரிச் செடி நேற்று வரை நன்றாக இருந்தது, மழை விட்டதும் பச்சையாகவே வாடிவிட்டது.

தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் முங்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடிக்கு வைத்தியம் இல்லை. அந்த மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் இரண்டு ஆண்டு நடாதீர்கள், கீரையோ வெண்டையோ போடுங்கள். சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். நூல் இறங்காவிட்டால் வேரழுகல். வடிகாலைச் சரிசெய்து, சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 10 கிராம் கலந்து வேரில் ஊற்றிப் பார்க்கலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சல், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாடித் தோட்டக்காரர் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்: ஒன்று காற்று, இன்னொன்று தண்ணீர்.

முந்தின நாள் பகலிலேயே நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டுங்கள். சட்டத்தோடு வலை பறந்தால் எதிர்வீட்டு ஆள் மேல்தான் விழும். தொங்கும் தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பந்தல் கொடியைக் கம்போடு சாய்த்துப் படுக்கவைத்துக் கயிறு கட்டுங்கள். மற்ற தொட்டிகளை ஒரு மூலையில் நெருக்கி, சுற்றிலும் ஒரே கயிற்றால் இறுக்குங்கள். ஒரு சுவரை மட்டும் நம்ப வேண்டாம். புயலின் மையம் நேராக ஊரைக் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, சற்றே அடங்கி, பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். அந்த அமைதியில் மாடிக்கு ஏறாதீர்கள். மாடி வடிதுளைகளில் சருகு அடைக்காமல் இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடுகிறது.

மறுநாள் முதல் வேலை, மழை ஓய்ந்திருந்தால் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுவது. கடல் பார்த்த பக்கத்து இலைகளில் உப்புத்துளி படிந்திருக்கும், வெயில் வந்தால் ஓரம் கருகிவிடும். ஒடிந்த கிளைகளைச் சீவுங்கள். ஒரு வாரம் எந்த உரமும் வேண்டாம்.

விதை, மண் பரிசோதனைக்கு எங்கே போவது?

புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலத்தில் ஒன்று. பண்ருட்டிப் பக்கம் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உண்டு. பாலூர் 1 கத்தரியும் பாலூர்ப் புடலை ரகங்களும் அங்கே உருவானவை, இந்தத் தட்பவெப்பத்துக்குப் பழகியவை. விதை இருப்பைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பாகப் போங்கள். மண் கொடுப்பதானால் நான்கைந்து தொட்டிகளில் மேல் மண்ணைத் தள்ளிவிட்டு நடுப்பகுதியிலிருந்து எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொண்டுபோங்கள். உங்கள் போர் தண்ணீரையும் ஒரு லிட்டர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடித்ததாக இருக்கட்டும்.